பாட்டில் உங்கள் அலமாரியில், பீப்பாய் யார் கிடங்கில்?

இந்த வாரக் கடிதம் அபர்டீன் பக்கத்திலிருந்து. எழுதியவர் எண்ணெய்த் துறையில் பொறியாளர், வயது 51, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஸ்காட்லாந்துக்கு வந்து 20 வருடங்களுக்கு மேல் ஆகிறது. கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

2006இல் மகள் பிறந்தபோது கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "பிறந்தநாளுக்கு ஒரு மக்காலன் 18 வாங்கி வை, கல்யாணச் செலவுக்கு ஆகும்." மக்காலன் ஒரு ஸ்காட்ச் விஸ்கி, 18 என்பது அது பீப்பாயில் இருந்த வருடங்கள். முதல் பாட்டில் 70 பவுண்டுக்குள் கிடைத்ததாம். அன்றிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறவில்லை. இப்போது அலமாரியில் 20 பாட்டில்கள். இவர் குடிப்பதில்லை. "குடிக்கவும் மாட்டீர்கள், விற்கவும் மாட்டீர்கள், கொலுவா வைத்திருக்கிறீர்கள்?" என்று மனைவி கேட்கிறார். இது போக, வேலையை விட்டு ஊர் திரும்பிய நண்பரிடம் 900 பவுண்டுக்கு வாங்கிய பழைய பாட்டில் ஒன்றும் இருக்கிறது. லேபிளில் 1880கள் என்று போட்டிருக்கிறதாம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு போன் வந்திருக்கிறது. விஸ்கி முதலீட்டு நிறுவனம். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் 2018இல் வடித்த ஒரு பீப்பாய் விஸ்கி, விலை 16,000 பவுண்டு. "வடிசாலையின் பெயரைக் காகிதத்தில் எழுத முடியாது சார், ஆனால் மக்காலன்தான்." வருடத்துக்கு 12 சதவீதம் உறுதி. முன்பதிவாக 500 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டார், கடிதம் எழுதும்போது அதற்கு ஒன்பது நாள். மீதிப் பணத்துக்கு பாட்டில்களை விற்கலாமா, பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை இருக்கிறதுதானே, பாட்டில்களை மதுரையிலுள்ள தம்பி மூலம் விற்றால் நல்ல விலை வருமா, "இதெல்லாம் என்னுடையதுதானே அப்பா" என்கிற மகளுக்கு என்ன பதில் சொல்வது. இவைதான் கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அவசரமான ஒன்று. அந்த 500 பவுண்டு பற்றிய பகுதியை உங்களுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன், ஏனென்றால் பத்திரிகை வரும்வரை காலக்கெடு காத்திருக்காது. மற்ற வாசகர்களுக்காக அதைக் கீழே திரும்பவும் எழுதுகிறேன். பீப்பாய்க்கு மீதிப் பணம் கட்டாதீர்கள். ஏன் என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. "2006இல் வாங்கிய 18 வருடச் சரக்கு இப்போது கிட்டத்தட்ட 38 வருடச் சரக்கு ஆகியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் மரப் பீப்பாயில் இருக்கும்வரைதான். கண்ணாடிக்குள் போன நாளோடு வயது நின்றுவிடும். 18 என்று லேபிளில் இருந்தால் நூறு வருடம் கழித்தும் அது 18தான். விலை ஏறியிருந்தால், உள்ளே இருப்பது முதிர்ந்ததால் அல்ல, அந்த வருடத்துச் சரக்கு வெளியே குறைந்துகொண்டே வருவதால். பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், பீப்பாய் விற்பவர்களுக்கும் அந்தக் குழப்பம் வசதியாக இருக்கிறது.

இரண்டாவது, 2023இல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் ஒரு மக்காலன் பாட்டில் 21 லட்சத்து 87 ஆயிரம் பவுண்டுக்குப் போன செய்தியை வெட்டி அனுப்பியிருந்தீர்கள். அந்த பாட்டிலின் கதை தெரிந்தால் உங்கள் 20 பாட்டில்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதும் தெரியும்.

1823இல் பிரிட்டன் மதுவரிச் சட்டத்தைத் திருத்தி, திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்கள் உரிமம் வாங்க வழி செய்தது. அடுத்த வருடமே அலெக்சாண்டர் ரீடு என்பவர் ஸ்பே ஆற்றங்கரையில், கிரெய்கெல்லாக்கி ஊருக்குப் பக்கத்தில், ஈஸ்டர் எல்கீஸ் பண்ணையில் உரிமத்தோடு வடிக்கத் தொடங்கினார். பார்லி விவசாயி, பள்ளி ஆசிரியரும்கூட. 1892இல் அது ராடரிக் கெம்ப் கைக்கு மாறியது. ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய்களில் அடைத்து வைப்பதுதான் இந்த வடிசாலையின் பெயரை வளர்த்தது. ஆனால் ரொம்ப காலத்துக்கு இங்கே வடித்ததில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிக் கம்பெனிகளுக்குத்தான் போனது. நம் ஊரில் நல்ல டிகாஷன் காபிக் கொட்டை வேறு யாரோ ஒருவருடைய பிராண்டு பொடிக்குள் பெயரில்லாமல் கலந்து போவதுபோல. சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்தது) என்று தன் பெயரிலேயே விற்பதில் மும்முரமாக இறங்கியது 1980 வாக்கில்தான்.

1926இல் வடித்து 263ஆம் எண் ஷெர்ரி பீப்பாயில் அடைத்த சரக்கு 60 வருடம் அங்கேயே கிடந்தது. 1986இல் திறந்தபோது 40 பாட்டிலுக்குத்தான் மீதி இருந்தது. அதில் 12க்கு ஓவியர் பீட்டர் பிளேக் லேபிள் வரைந்தார். 1993இல் இன்னும் 12க்கு இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி. 2019இல் அந்த நாற்பதில் ஒன்று 14 லட்சத்து 52 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. நீங்கள் அனுப்பிய 2023 செய்தி ஒரு அடாமி பாட்டிலைப் பற்றியது. ஒரு சின்னக் கணக்கையும் கவனியுங்கள்: சுத்தியல் விழுந்த விலை 17 லட்சத்து 50 ஆயிரம்தான். மீதி, வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டிய கட்டணம். தலைப்புச் செய்தியில் வரும் தொகை விற்றவர் கைக்கு வருவதில்லை.

இதற்கு நடுவில் அந்த வடிசாலை தன்னை மதுக்கடையிலிருந்து நகைக்கடைப் பக்கம் நகர்த்திக்கொண்டது. 2005இலிருந்து பிரெஞ்சு கண்ணாடிக் கலை நிறுவனமான லாலிக்கோடு சேர்ந்து படிகக் குடுவைகள். 2010இல் அப்படி ஒரு குடுவையில் 64 வருட விஸ்கி நியூயார்க்கில் 4 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது, பணம் குடிநீர்த் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. 2018இல் 14 கோடி பவுண்டு செலவில் புல் முளைத்த கூரையோடு புதிய வடிசாலை. அங்கே 36 வடிகலன்கள், வருடத்துக்கு 1.5 கோடி லிட்டர் வடிக்கும் திறன்.

இந்த ஒன்றரைக் கோடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய மால்ட் வடிசாலைகளில் ஒன்று அரிய பொருளுக்குப் பெயர் வாங்கியிருக்கிறது. முரண் இல்லை. அரிதாக இருப்பது மக்காலன் அல்ல, 263ஆம் பீப்பாய். ஒரு தொகுப்பு, ஒரு வருடம், ஒரு ஓவியர், கையிலிருந்து கைக்கு மாறிய கதைக்கு ஆதாரம், இவை எல்லாம் ஒரே பாட்டிலில் கூடும்போதுதான் அந்த விலை. அந்த ஒளி பெயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பீப்பாய்க்கும் பரவும் என்பதுதான் உங்களுக்கு போன் செய்தவர் விற்கும் சரக்கு.

உங்கள் 20 பாட்டில்கள் அதற்காக மட்டம் இல்லை. பழைய 18 வருட ஷெர்ரி பாட்டில்களில் வடித்த ஆண்டும் அச்சிட்டிருக்கும், சேகரிப்பவர்கள் அதைத் தேடுகிறார்கள். உங்களுக்கு லாபம்தான். ஆனால் சந்தை ஏறியபடியே இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நைட் ஃபிராங்க் நிறுவனத்தின் ஆடம்பரப் பொருள் குறியீட்டில் அரிய விஸ்கி 2023இலும் 2024இலும் 9 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இந்தத் தொழிலுக்கு ஏற்ற இறக்கம் புதிதும் அல்ல. 1983இல் சரக்கு தேங்கிப்போய் போர்ட் எலன், ப்ரோரா போன்ற வடிசாலைகளை மூடினார்கள். மூடியதாலேயே அவற்றின் மிச்சச் சரக்கு பிற்பாடு தங்க விலைக்குப் போனது, அப்புறம் அந்த இரண்டையுமே 2021இலும் 2024இலும் மறுபடி திறந்தும் விட்டார்கள். எது அரிதாகும் என்பதை வடித்தவர்களே முன்கூட்டிச் சொல்லவில்லை.

பீப்பாய் விஷயம்

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலைதான் ரகசியம், மாடு கண் முன்னால் நிற்கும். உங்கள் பேரத்தில் விலை வெளிப்படை, மாடுதான் துண்டுக்கு அடியில்.

"பெயரை எழுத முடியாது" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. பல வடிசாலைகள் பீப்பாயை வெளியே விற்கும்போது எங்கள் பெயரை லேபிளில் போடக் கூடாது என்று நிபந்தனை வைக்கும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அது நிஜமாகவே மக்காலன் என்றே வைத்துக்கொள்வோம். பாட்டிலில் அடைத்த பிறகு நீங்கள் அந்தப் பெயரில் விற்க முடியாது, ஏனென்றால் அது அவர்களுடைய வணிக முத்திரை. ஆக, பெயருக்காக அதிக விலை கொடுத்து வாங்குகிறீர்கள், விற்கும்போது அந்தப் பெயர் உங்களோடு வராது.

வருடம் 12 சதவீதம் என்றால் பத்து வருடத்தில் 16,000 பவுண்டு 49,700 ஆக வேண்டும். அதே பத்து வருடத்தில் உள்ளே இருக்கும் சரக்கு வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் மரத்தின் வழியாக ஆவியாகிப் போகும். இங்கே அதற்குத் தேவதைகளின் பங்கு என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆல்கஹால் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சட்டப்படி அதை ஸ்காட்ச் விஸ்கி என்றே சொல்ல முடியாது. கிடங்கு வாடகை, காப்பீடு, கடைசியில் அடைக்கும் செலவு, எல்லாம் உங்கள் தலையில். கிடங்கை விட்டு வெளியே எடுத்தால் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 32 பவுண்டுக்கு மேல் தீர்வை, அதற்கு மேல் 20 சதவீதம் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி. இந்தக் கணக்கில் ஒன்றையாவது போனில் சொன்னார்களா? பீப்பாயை ஊருக்குக் கொண்டுபோய் புது வீட்டில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. ஸ்காட்ச் ஸ்காட்லாந்திலேயே முதிர வேண்டும், சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும்.

இனி என் தொழிலான சட்டத்துக்கு வருகிறேன். நானும் குடிப்பவன் இல்லை, விஸ்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி கிடங்குக் காகிதங்கள் வழியாக வந்தது. உங்களுக்குத் தருவதாகச் சொன்ன "உரிமைச் சான்றிதழ்" வெறும் அலங்காரம். வரி கட்டாத சரக்கு இருக்கும் பாண்டட் கிடங்கில், கிடங்குக்காரர் தன் பதிவேட்டில் யார் பெயரை எழுதியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. அந்தப் பெயர் மாற, இப்போதைய உரிமையாளர் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டர் கிடங்குக்குப் போக வேண்டும், கிடங்கு அதை ஏற்றுக்கொண்டேன் என்று உங்களுக்கு எழுத வேண்டும்.

இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, 1898. லண்டன் மது வியாபாரி ஒருவர் கிளாஸ்கோ கிடங்கில் இருந்த தன் விஸ்கியைக் காட்டிக் கடன் வாங்கினார். கடன் கொடுத்த இங்கிலிஸ் என்பவர், கிடங்குச் சீட்டுகளைக் கையெழுத்தோடு வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டார். கிடங்குக்கு ஒரு வரி தகவல் எழுதவில்லை. பிற்பாடு அந்த வியாபாரியிடம் பணம் வரவேண்டிய இன்னொரு கம்பெனி நேரே கிடங்கிலேயே சரக்கை ஜப்தி செய்தது. வழக்கு அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போனது. சரக்கு ஸ்காட்லாந்தில் இருப்பதால் ஸ்காட்லாந்துச் சட்டம்தான் என்றும், கிடங்குக்கு அறிவிக்காத சீட்டால் சரக்கின் மேல் உரிமை வராது என்றும் தீர்ப்பு. இங்கிலிஸ் தோற்றார். ஜெயித்த கம்பெனி ராபர்ட்சன் அண்ட் பாக்ஸ்டர். அந்த ராபர்ட்சன் குடும்பத்துச் சகோதரிகள் மூவர் 1961இல் எட்ரிங்டன் நிறுவனத்தையும் அதைச் சொந்தமாக வைத்திருக்கும் ராபர்ட்சன் அறக்கட்டளையையும் தொடங்கினார்கள். இன்று மக்காலனை நடத்துவது அதே எட்ரிங்டன். கிடங்குப் பதிவேட்டை நம்பியவர்கள் வீட்டுக்குத்தான் கடைசியில் மக்காலனே போய்ச் சேர்ந்தது என்று என் மாணவர்களிடம் சொல்வேன், சிரிக்க மாட்டார்கள்.

அது அடமான வழக்கு, உங்களுடையது விற்பனை. ஆகவே சட்டம் அப்படியே பொருந்தாது. எண் போட்டு அடையாளம் காட்டிய பீப்பாய் என்றால் 1979ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி ஒப்பந்தத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடலாம். எண் குறிப்பிடாமல் "2018 பீப்பாய்களில் ஒன்று" என்று மட்டும் இருந்தால் வராது. வந்தாலும், கிடங்குப் பதிவு விற்றவர் பெயரிலேயே இருக்கும்வரை அவர் அதே பீப்பாயை இன்னொருவருக்கு விற்க முடியும். அந்த இன்னொருவர் விஷயம் தெரியாமல் முறையாக டெலிவரி எடுத்துவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். இது கற்பனை இல்லை. ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற கதைகளை 2025இல் பிபிசி புலனாய்வு வெளியே கொண்டுவந்தது, சிட்டி ஆஃப் லண்டன் போலீஸும் விசாரணையில் இறங்கியது. என்னிடமும் ஒரு பெரியவர் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழோடு வந்தார். கிடங்குக்கு எழுதிக் கேட்டோம். அந்த எண்ணில் பீப்பாய் இருந்தது, ஆனால் வேறொருவர் பெயரில்.

பங்குச் சந்தை மாதிரி இதற்கு நிதிக் கண்காணிப்பு ஆணையம் கிடையாது. கம்பெனி மூழ்கினால் வங்கி டெபாசிட்டுக்கு இருப்பது போன்ற இழப்பீட்டு நிதியும் கிடையாது. இதற்குப் பிறகும் பீப்பாய் ஆசை போகவில்லை என்றால், பணம் கட்டும் முன் இவை கையில் வர வேண்டும்:

– வடிசாலையின் பெயர், பீப்பாய் எண், நிரப்பிய தேதி, பீப்பாயின் வகை.
– கிடங்கின் பெயர், முகவரி. அந்தக் கிடங்குக்கு நீங்களே எண்ணைத் தேடிப் பேச வேண்டும், அவர்கள் கொடுத்த எண்ணில் அல்ல.
– சமீபத்தில் அளந்த ரீகேஜ் அறிக்கை, அதாவது உள்ளே எத்தனை லிட்டர், ஆல்கஹால் எத்தனை சதவீதம்.
– டெலிவரி ஆர்டரைக் கிடங்கு ஏற்றுக்கொண்ட எழுத்துபூர்வமான உறுதி. அதுவரை பணம் ஒரு வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கில் இருக்கட்டும்.

நேர்மையான விற்பனையாளர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை. அப்படிப்பட்டவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

கட்டிய 500 பவுண்டு

14 நாள் ரத்து உரிமை பற்றி நீங்கள் நினைத்தது பாதி சரி. போனிலும் இணையத்திலும் வாங்கினால் பொதுவாக அந்த உரிமை உண்டு, 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. ஆனால் அதே விதிகளில் மதுவுக்கென்றே ஒரு விலக்கு ஒளிந்திருக்கிறது: விலையை இன்றே பேசி முடித்து, சரக்கு 30 நாளுக்குப் பிறகுதான் வரும் என்று இருந்து, அதன் மதிப்பு சந்தையோடு ஏறி இறங்குவதாக இருந்தால் ரத்து உரிமை கிடையாது. ஒயினை முன்கூட்டி வாங்கும் வழக்கத்தை மனதில் வைத்து எழுதியது அது. பீப்பாய் விற்பவர்கள் அதைத் தங்களுக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். ஆகவே அந்த உரிமை நிச்சயம் என்று எண்ணி உட்கார வேண்டாம், இல்லை என்று சோர்ந்தும் போக வேண்டாம். 14 நாளுக்குள் "ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்புங்கள்" என்று மின்னஞ்சல் போய்விட வேண்டும். வெறும் முன்பதிவுதானா, முழு ஒப்பந்தமா என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

கார்டில் கட்டியது நல்லதாய்ப் போயிற்று. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், பொய் சொல்லி விற்றதற்கும் ஒப்பந்தத்தை மீறியதற்கும் கார்டு கம்பெனியும் சேர்ந்தே பொறுப்பு. கார்டில் கட்டியது 500தான் என்றாலும் பொருளின் விலை 16,000 என்பதுதான் கணக்கு. ஒரே சிக்கல், ரசீதில் பீப்பாய்க் கம்பெனியின் பெயர் இருக்கிறதா, நடுவில் வேறொரு வசூல் நிறுவனத்தின் பெயரா என்று பாருங்கள். நடுவில் ஆள் இருந்தால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். மோசடி என்று உறுதியானால் போலீஸ் ஸ்காட்லாந்தின் 101 எண்ணில் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வரும் இங்கிலாந்துக்கான மோசடிப் புகார் மையம் ஸ்காட்லாந்துக்கு இல்லை.

மகளுடைய பாட்டில்களா?

ஸ்காட்லாந்துச் சட்டம் அன்பளிப்பைச் சுலபமாக நம்பாது. கொடுக்கும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும், கையிலும் ஒப்படைத்திருக்க வேண்டும். உங்கள் பணம், உங்கள் அலமாரி, சாவி உங்களிடம். நீதிமன்றம் என்று போனால் பாட்டில்கள் பெரும்பாலும் உங்களுடையவைதான். "உன் பிறந்தநாள் பாட்டில்" என்று 19 வருடமாக நீங்கள் சொல்லிவந்தது மட்டும் போதாது.

இந்தப் பதிலை அவளிடம் அப்படியே ஒப்பிக்க வேண்டாம். அவளுக்குப் 19 வயது, விற்பதா வேண்டாமா என்ற பேச்சில் உட்காரும் வயதுதான். கடிதத்தில் இவ்வளவு எழுதிய நீங்கள் அவள் எதற்காக அவற்றைக் கேட்கிறாள் என்று மட்டும் எழுதவில்லை. கேட்டீர்களா?

1880 பாட்டில்

இதில் உங்களுக்கு நல்ல செய்தி சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஊர் ஹோட்டல் ஒன்றில் 1878 என்று லேபிள் போட்ட மக்காலனில் 2 சென்டிலிட்டர் குடிக்க ஒருவர் 9,999 பிராங்க் கொடுத்தார். சோதித்ததில் அது 1970 வாக்கில் வடித்த, அதுவும் கலப்பு விஸ்கி. ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்தக் காற்றில் விளைந்த பார்லியில் அதன் தடம் இருக்கும், அதற்கு முன் விளைந்ததில் இருக்காது. இதை வைத்து ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் 2018இல் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தது. 21 போலி. மக்காலன் நிறுவனமே ஒரு காலத்தில் வாங்கிச் சேர்த்த பழைய பாட்டில்களில் பல போலி என்று பின்னால் தெரிந்தது. வடித்தவர்களையே ஏமாற்றியிருக்கிறார்கள் என்றால் நீங்களும் உங்கள் நண்பரும் ஏமாந்ததில் வெட்கம் இல்லை. ஆனால் சந்தேகம் இருக்கிறபோது அதை அசல் என்று சொல்லி விற்றால் பிரச்சினை உங்கள் பக்கம் வந்துவிடும். ஏலத்துக்குக் கொடுத்தால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிக் கொடுங்கள்.

விற்பதானால்

2005ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து உரிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். ஆகவே பேஸ்புக்கில் படம் போட்டு வீட்டு வாசலில் விற்பது வேண்டாம். உரிமம் உள்ள ஏல நிறுவனம்தான் வழி, இணையத்திலேயே விஸ்கி ஏலம் நடத்துபவர்கள் ஸ்காட்லாந்தில் பலர் இருக்கிறார்கள். விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன், குறைந்தபட்ச விலை வைக்கும் கட்டணம், அனுப்பும் வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருபதையும் ஒரே ஏலத்தில் கொட்டாதீர்கள். கடை ரசீதுகள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், அவை பொன். பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். பாட்டிலை ஒயின் மாதிரி படுக்க வைக்காதீர்கள், விஸ்கி கார்க்கைத் தின்றுவிடும். நேராக, வெயில் படாமல் நிற்கட்டும்.

வரி பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பாட்டில் 6,000 பவுண்டுக்கு மேல் போனால்தான் மூலதன லாப வரி என்ற பேச்சே வரும். ஒன்றாகச் சேர்ந்த தொகுப்பு என்று ஒருவருக்கே மொத்தமாக விற்றால் மட்டும் எல்லாவற்றையும் ஒரே பொருளாகப் பார்க்க இடம் உண்டு. வாங்கி விற்பதையே தொழில் போலச் செய்யத் தொடங்கினால் அது வருமான வரிக் கதை, உங்கள் நிலை அது இல்லை.

மதுரைத் தம்பியின் யோசனையை மறந்துவிடுங்கள். இந்தியாவுக்குள் பயணி ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்பது 2 லிட்டர், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது, வீட்டில் வைத்து விற்றால் மதுவிலக்குச் சட்டத்தில் தம்பிதான் மாட்டுவார்.

ஆக, என்னைக் கேட்டால், பாட்டில்களை விற்பதற்கும் பீப்பாய் வாங்குவதற்கும் போட்ட முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். பணத் தேவை இருந்தால் ஐந்தாறு பாட்டிலை ஏலத்துக்கு அனுப்பிச் சந்தை எப்படி இருக்கிறது என்று பாருங்கள், தேவை இல்லை என்றால் அவசரமும் இல்லை. வீட்டுக் காப்பீட்டில் இருபதையும் பட்டியல் போட்டுச் சேர்த்திருக்கிறீர்களா என்று இந்த வாரமே பாருங்கள், பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டீர்கள். கார்டு கம்பெனி 75ஆம் பிரிவை மறுத்து எழுதினால் அந்தக் கடிதத்தையும், பீப்பாய்க்காரர்கள் அனுப்பிய எல்லா மின்னஞ்சலையும் எனக்கு அனுப்புங்கள். 2006 பாட்டிலை மட்டும் கடைசியில் வையுங்கள், அதை விற்பதானால் மகள் கையெழுத்துப் போட்ட பிறகு.